பரங்கிக்காயில் ஒரு பை!

குழந்தைகளே, 'பை' என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? கடைக்கு எடுத்துப் போகும் மஞ்சள் பையா? முதுகில் சுமக்கும் புத்தகப் பையா? "22/7!" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கத்துவதும் காதில் விழுகிறது.

அதெல்லாம் இல்லை. இது தின்கிற பை!

மைதாவும் வெண்ணெயும் சேர்த்து, வட்டத் தட்டில் கிண்ணம் போல ஓர் ஓடு செய்வார்கள். அந்த ஓடு நிறைய பாலும் முட்டையும் பரங்கிக்காயும் கலந்த இனிப்புக் கூழை ஊற்றி, ஓவனில் வைத்துச் சுடுவார்கள். சுட்டு ஆறியதும் கூழ் இறுகி, பாலாடை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தால் பட்டை, சுக்கு, கிராம்பு, ஜாதிக்காய் என்று நாலு வாசனையும் மூக்கில் ஏறும். இதுதான் அமெரிக்கர்களின் 'பம்ப்கின் பை'.

அங்கே நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை, 'தேங்க்ஸ்கிவிங்' என்னும் நன்றித் திருநாள். நம் பொங்கல் மாதிரி அறுவடையை ஒட்டி வந்த விழா. எங்கெங்கோ இருக்கும் பிள்ளைகள் எல்லாம் ஊர் வந்து சேருவார்கள். பொங்கலன்று வீட்டில் பொங்கல் பொங்காமல் இருக்குமா? அப்படித்தான் அன்றைக்குப் பல வீடுகளில் இந்தப் பை!

இதை நான் செய்ய நேர்ந்த கதையைக் கேளுங்கள்.

என் மகள் குடும்பம் பாஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 2023-ல் மூன்று மாதம் அங்கே போய் இருந்தேன். பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. வாய் கொஞ்சம் நீளம். பக்கத்து வீட்டில் எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். நவம்பர் மாதம் அவர் எங்கள் எல்லாரையும் விருந்துக்கு அழைத்தார். விருந்துக்குப் போகிறவர்கள் ஏதாவது ஒரு பதார்த்தம் செய்து கையோடு எடுத்துப் போவது அந்த ஊர் வழக்கம். "நாங்கள் என்ன கொண்டு வரட்டும்?" என்று என் மகள் கேட்பதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்.

"எங்க பாட்டி பம்ப்கின் பை செஞ்சு எடுத்துட்டு வருவாங்க!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிதம்பரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 34 வருடம் பாடம் நடத்தியவள் நான். பரங்கிக்காய்க் கூட்டு தெரியும், கேசரி தெரியும். ஓவனை அதுவரை தொட்டதுகூட இல்லை!

அந்த அம்மா ஒரு கணம் பேசாமல் நின்றார். பிறகு, "சரி, பை உங்கள் பொறுப்பு" என்று சிரித்தார். ஏன் அப்படித் தயங்கினார் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் மகள் சொன்னாள். அந்த வீட்டு விருந்துக்கு வருடா வருடம் பை செய்து கொண்டு வந்தது அவருடைய தங்கையாம். அந்தத் தங்கை அந்த வருடம்தான் காலமாகியிருந்தார்.

இப்போது என் நிலைமை புரிகிறதா?

செவ்வாய்க்கிழமை வேலையை ஆரம்பித்தேன். கடை வாசலில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய பெரிய பூசணிகள் குவிந்திருந்தன. அக்டோபர் 31-ம் தேதி ஹாலோவீன் பண்டிகைக்குக் கண்ணும் மூக்கும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பதற்காக வந்தவை. பண்டிகை முடிந்துவிட்டதால் விலை மலிவு. விடுவேனா? ஒன்றை வாங்கி, வெட்டி, வேகவைத்து மசித்தேன். ஒரே தண்ணீர்! நாரும் அதிகம். பரவாயில்லை என்று முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்து ஓட்டில் ஊற்றி ஓவனில் வைத்தேன்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. நடுப்பகுதி தளதளவென்று ஆடியது. இன்னும் வேகவில்லை என்று நினைத்தேன். இட்லி வெந்ததா என்று பார்ப்பது போல ஒரு குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒட்டியது. இன்னும் பத்து நிமிடம். அப்புறம் இன்னும் பதினைந்து. கடைசியில் வெளியே எடுத்தபோது, கோடையில் வறண்ட ஏரி மாதிரி மேலே பிளவு பிளவாக வெடித்திருந்தது. ஆறிய பிறகு வெட்டினால் தண்ணீர் கசிந்து ஓடியது. தின்று பார்த்தால் முட்டைப் பொரியலில் சர்க்கரை போட்ட ருசி!

பேத்தி ஒரு வாய் தின்றாள். "பாட்டி, கடையில ஒண்ணு வாங்கிக்கலாமா?" என்றாள். இத்தனைக்கும் வாக்குக் கொடுத்தவள் அவள்தான்!

புதன்கிழமை காலை, வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டுக் கதவையே தட்டினேன். அந்த அம்மா, கையில் ஒரு கண்ணாடித் தட்டோடு வந்தார். தங்கையின் பைத் தட்டு. எங்கள் வீட்டு மேஜையில் கிடந்த பூசணியைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். அது விளக்கு வைக்கும் பூசணியாம். பை செய்வதற்கு டப்பாவில் அடைத்து விற்கும் மசியலை வாங்க வேண்டும், அல்லது 'பட்டர்நட்' என்ற காயை வாங்க வேண்டும் என்றார். தன் வீட்டில் இருந்த பட்டர்நட் ஒன்றைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். வெளிர்மஞ்சள் தோல். மேலே ஒல்லி, கீழே குண்டு. பெரிய கத்தியால் நீளவாக்கில் பிளந்தார்.

குப்பென்று ஒரு வாசனை வந்தது பாருங்கள்!

"இது எங்க ஊர்ப் பரங்கிக்காய் வாசம்!" என்று நான் தமிழிலேயே கத்திவிட்டேன். நிறமும் அதே ஆழ்ந்த மஞ்சள். விதையும் அதே விதை. இந்த வாசனையைப் பற்றிக் கடைசியில் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போதைக்கு அடுப்படிக்குப் போவோம்.

முதலில் ஓடு. மைதாவில், குளிர்ந்து கட்டியாக இருக்கும் வெண்ணெயைச் சிறு துண்டுகளாகப் போட்டு விரல் நுனியால் பிசிறினோம். மூன்று நாலு மேஜைக்கரண்டி ஐஸ் தண்ணீர் மட்டும் தெளித்து ஒன்றுசேர்த்தோம். நான் பழக்க தோஷத்தில் சப்பாத்தி மாவு மாதிரி அடித்துப் பிசைய ஆரம்பித்தேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். ஏன் தெரியுமா? மாவைப் பிசையப் பிசைய அதில் உள்ள 'குளூட்டன்' என்ற புரதம் ரப்பர் மாதிரி இழுபடும். சப்பாத்திக்கு அது வேண்டும். பைக்கு அது ஆகாது, ஓடு தோல் மாதிரி கடினமாகிவிடும். வெண்ணெயும் உருகக் கூடாது. கட்டியாக உள்ளே இருக்கும் வெண்ணெய், ஓவன் சூட்டில் உருகும்போது அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும். அதனால்தான் ஓடு அடுக்கடுக்காக, மொறுமொறுவென்று வருகிறது.

அடுத்தது உள்ளே ஊற்றும் கூழ். பட்டர்நட்டை ஓவனில் சுட்டு, மசித்து, துணியில் கட்டி ஒரு மணி நேரம் தண்ணீரை வடித்தோம். சுமார் 425 கிராம் மசியல் கிடைத்தது. அதோடு இரண்டு முட்டை, முக்கால் கப் சர்க்கரை, டப்பாவில் கிடைக்கும் சர்க்கரை சேர்க்காத சுண்டிய பால் ஒன்றரைக் கப், அரைத் தேக்கரண்டி உப்பு. பிறகு பொடிகள். பட்டை ஒரு தேக்கரண்டி, சுக்கு அரை, கிராம்பு கால், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை. "பிரியாணிக்குப் போடற சாமானை எல்லாம் இனிப்புல போடறோமே" என்று என் மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஓவனில் முதல் 15 நிமிடம் 220 டிகிரி செல்சியஸ் சூடு. ஓடு சட்டென்று வேக வேண்டும் என்பதற்காக. பிறகு 175 டிகிரிக்கு இறக்கி, 40 முதல் 50 நிமிடம்.

நாற்பதாவது நிமிடம் அந்த அம்மா கதவைத் திறந்து தட்டை லேசாக அசைத்தார். ஓரம் இறுகியிருந்தது. நடுவில் உள்ளங்கை அளவுக்குத் தளதளவென்று ஆடியது. "எடுத்துவிடலாம்" என்றார்! நேற்று இதே ஆட்டத்தைப் பார்த்துத்தானே நான் திரும்ப உள்ளே தள்ளினேன்?

இதில் ஒரு நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. முட்டையில் இருக்கும் புரதம், சுருட்டி வைத்த நூல் உருண்டை மாதிரி. சூடு பட்டதும் உருண்டை பிரிந்து நூல் நீளும். நீண்ட நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வலை மாதிரி ஆகும். அந்த வலைக்குள் பாலும் பரங்கியும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் கூழ் இறுகுகிறது. ஆனால் சூடு அதிகமானால் வலை மேலும் மேலும் இறுகி, ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல, உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். மேலே வெடிப்பு, கீழே தண்ணீர். என் செவ்வாய்க்கிழமைப் பையின் கதை இதுதான். வெளியே எடுத்த பிறகும் உள்ளே உள்ள சூடு கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். நடுவில் ஆடிய பகுதி அந்தச் சூட்டிலேயே இறுகிவிடும். அந்த அம்மாவுக்கு நூல் உருண்டை, வலை எல்லாம் தெரியாது. தங்கை சொல்லிக் கொடுத்த ஆட்டம் மட்டும் தெரியும்!

பை ஓவனில் இருந்த நேரத்தில் பேத்தி தன் படப் புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினாள். நீள மேஜை. கறுப்புத் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள். தலையில் இறகு செருகிய பூர்வகுடி மக்கள். நடுவில் பம்ப்கின் பை. கீழே, 'முதல் தேங்க்ஸ்கிவிங், 1621' என்று போட்டிருந்தது.

"பாட்டி, அப்பவே இந்தப் பை இருந்துதா?"

முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் பிளிமத் ஊருக்குப் போய் வந்திருந்தோம். பாஸ்டனிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். 1620-ம் வருடக் கடைசியில், 'மேஃப்ளவர்' என்ற கப்பலில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் குடியேறிய இடம். அங்கே '1620' என்று பொறித்த ஒரு பாறை இருக்கிறது. ஏதோ மலை மாதிரி இருக்கும் என்று போனால், நம் ஊர் ஆட்டுக்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு. அவ்வளவுதான்! ஆனால் அந்த ஊரில் இருக்கும் 'பிளிமத் பட்டுக்ஸெட்' அருங்காட்சியகத்தில் நாள் முழுக்கச் சுற்றலாம். அந்தக் காலத்துக் குடிசைகளை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள்.

கப்பலில் வந்தவர்கள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துபோனார்கள். மிச்சம் இருந்தவர்கள் பிழைத்தது எப்படி? அந்த மண்ணின் மக்களான வாம்பனோவாக் இனத்தவர் உதவியதால்தான். அவர்களில் முக்கியமான ஒருவர் பெயர் டிஸ்குவாண்டம். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1614-ல் ஓர் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் இவரையும் இன்னும் பலரையும் ஏமாற்றிக் கப்பலில் ஏற்றி, ஸ்பெயின் நாட்டுக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்கப் பார்த்தான். டிஸ்குவாண்டம் எப்படியோ லண்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே ஆங்கிலம் கற்றார். 1619-ல் தன் ஊருக்குத் திரும்பி வந்தார். ஊர் இருந்தது. ஆட்கள் இல்லை! வெள்ளைக்காரர்கள் மூலம் பரவிய நோயில் அந்த ஊரே அழிந்துபோயிருந்தது. அந்த ஊரின் பெயர்தான் பட்டுக்ஸெட். ஆளில்லாத அந்த ஊரின் மேல்தான் 'மேஃப்ளவர்'காரர்கள் வந்து பிளிமத்தைக் கட்டினார்கள்.

அப்படிப்பட்டவர்தான் அவர்களுக்குச் சோளம் விதைக்கச் சொல்லிக் கொடுத்தார். விதைக்கும் குழியில் மீனை எருவாகப் போடக் கற்பித்தார். அந்தப் பக்கத்து மக்கள் சோளம், அவரை வகை, பூசணி மூன்றையும் ஒரே இடத்தில் விதைப்பார்கள். சோளத் தட்டையில் அவரைக் கொடி ஏறும். அவரை மண்ணுக்குச் சத்து சேர்க்கும். பூசணி இலை தரையை மூடி, களை வராமலும் ஈரம் காயாமலும் காக்கும். 'மூன்று சகோதரிகள்' என்று இதற்குப் பெயர். நம் ஊரில் ஊடுபயிர் போடுகிறோமே, அது மாதிரி.

1621 அறுவடை முடிந்ததும் ஒரு விருந்து நடந்தது உண்மை. எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் அதைப் பற்றி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட், 90 ஆட்களோடு வந்தார். மூன்று நாள் விருந்து. அவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டு வந்தார்கள். இவ்வளவும் அதில் இருக்கிறது. பை பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருக்கவும் முடியாது. பிளிமத்துக்கு முதல் மாடுகள் வந்து இறங்கியதே 1624-ல்தான்! பசும்பால் ஏது? அதிலிருந்து எடுக்கும் வெண்ணெய் ஏது? பூசணி இருந்திருக்கும். வேகவைத்தோ சுட்டோ தின்றிருப்பார்கள்.

"அப்ப புக்ல இருக்கறது தப்பா?" என்றாள் பேத்தி. அந்தப் படம் மட்டும் தப்பு என்றேன்.

அப்படியானால் பை எப்போது வந்தது? குடியேறியவர்களுக்கு மாடும் கோதுமையும் ஓவனும் வந்த பிறகு, மெள்ள மெள்ள வந்தது. 1796-ல் அமெலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி எழுதிய 'அமெரிக்கன் குக்கரி' என்ற புத்தகத்தில் இதன் செய்முறை இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவில் அச்சான முதல் சமையல் புத்தகம் அதுதான் என்பார்கள். பால், முட்டை, பூசணி, ஜாதிக்காய், இஞ்சி... ஏறக்குறைய நாங்கள் செய்த அதே கூழ்! தன்னை 'ஓர் அமெரிக்க அநாதை' என்றுதான் அந்தப் பெண்மணி புத்தகத்தில் அறிமுகப்படுத்திக்கொண்டார்.

இதைத் தேசமெங்கும் பரப்பியவர் இன்னொரு பெண்மணி. உங்களுக்கு எல்.கே.ஜி.யிலேயே அறிமுகமானவர்தான். மேரியும் அவளுடைய ஆட்டுக்குட்டியும் வரும் ஆங்கிலப் பாட்டு தெரியுமல்லவா? 1830-ல் அதை எழுதிய சாரா ஹேல்தான் அவர். கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளைத் தனியாக வளர்த்தவர். 1827-ல் அவர் எழுதிய ஒரு நாவலில் தேங்க்ஸ்கிவிங் விருந்து ஒன்று வரும். அதில் பம்ப்கின் பைக்குத் தனி இடம்! நாடு முழுவதும் ஒரே நாளில் இந்த விழாவைக் கொண்டாட வேண்டும் என்று ஜனாதிபதி மாறி ஜனாதிபதியாகக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். 1863-ல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த சமயம், ஆபிரகாம் லிங்கன் சம்மதித்து அறிவித்தார். அப்போது சாரா ஹேலுக்கு வயது 74. பிறகு 1939-ல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நாளை ஒரு வாரம் முன்னால் தள்ளி வைக்க, சில மாநிலங்கள் ஒரு வியாழனும் மற்ற மாநிலங்கள் அடுத்த வியாழனும் கொண்டாட, ஒரே குழப்பம்! 1941-ல் சட்டம் போட்டு, நான்காவது வியாழன் என்று முடிவு செய்தார்கள்.

இதற்குள் வீடெல்லாம் வாசனை கமகமத்தது. நாங்கள் போட்ட நாலு பொடியில் ஒன்றுகூட அமெரிக்காவில் பிறந்ததில்லை. எல்லாம் நம் ஆசியாச் சரக்கு! இஞ்சியை நாம் ஆதி காலத்திலிருந்து பயிர் செய்கிறோம். பட்டைக்குப் பேர் போனது இலங்கை. அங்குள்ள தமிழர்கள் பட்டையைக் 'கறுவா' என்பார்கள். கொழும்பு நகரத்தில் 'கறுவாத் தோட்டம்' என்று ஒரு பகுதியே இருக்கிறது. கிராம்பு, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் பிறந்தது. ஜாதிக்காய் ஒரு காலத்தில் உலகத்திலேயே பண்டா என்ற சின்னஞ்சிறு தீவுக் கூட்டத்தில் மட்டும்தான் விளைந்தது. அதுவும் இந்தோனேசியாவில்தான்.

பண்டாத் தீவுகளுக்கு 1621-ல் டச்சுக்காரர்கள் படையெடுத்தார்கள். ஜாதிக்காய் வியாபாரம் முழுவதும் தங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்ற பேராசை. அந்தத் தீவு மக்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள், அல்லது அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள், அல்லது தப்பி ஓடினார்கள். 1621. வருடத்தைக் கவனித்தீர்களா? பிளிமத்தில் விருந்து நடந்த அதே வருடம்!

அந்தத் தீவுகளில் 'ரன்' என்று ஒன்று. ஆங்கிலேயர் உரிமை கொண்டாடியது. 1667-ல் டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ரன் தீவு டச்சுக்காரர்களுக்கு. அமெரிக்காவில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் மூன்று வருடம் முன்பு பிடித்திருந்த ஓர் ஊர் ஆங்கிலேயருக்கே. அந்த ஊர் எது தெரியுமா? நியூயார்க்! ஜாதிக்காய் விளைகிற குட்டித் தீவுக்கு அப்போது அவ்வளவு மதிப்பு.

1934-ல் மெக்கார்மிக் என்ற கம்பெனி இந்தப் பொடிகளை எல்லாம் கலந்து 'பம்ப்கின் பை ஸ்பைஸ்' என்று ஒரே டப்பியில் அடைத்து விற்க ஆரம்பித்தது. நம் வீட்டுச் சாம்பார்ப் பொடி மாதிரி!

பையை மேஜை மேல் வைத்து இரண்டு மணி நேரம் ஆறவிட்டோம். ஓரத்தில் ஒரே ஒரு சின்னக் கீறல். மற்றபடி வழவழவென்று, காவி நிறத்தில் அழகாக இருந்தது. அந்த அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை விருந்து. அந்த அம்மாவின் மகன் குடும்பமும் வந்திருந்தது. வான்கோழி, உருளைக்கிழங்கு, கிரான்பெர்ரித் தொக்கு எல்லாம் மேஜையில். எனக்கு உருளைக்கிழங்கும் ரொட்டியும் போதுமாயிருந்தது. சாப்பிடும் முன், யாருக்கு எதற்காக நன்றி என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். சிலர் அம்மாவுக்கு என்றார்கள். ஒரு சிறுவன் தன் நாய்க்கு என்றான். என் பேத்தியின் முறை வந்தது.

"டிஸ்குவாண்டத்துக்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அது யார்?" என்று நாய்க்காரச் சிறுவன் கேட்டான். சோளமும் மீனும், கப்பலும் காலி ஊரும் என்று பேத்தி முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். அந்த அம்மாவின் மகன், அதே நாளில் பிளிமத்தில் நடக்கும் இன்னொரு கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். 1970-ல், ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் மனிதரை ஒரு விழாவில் பேச அழைத்திருந்தார்கள். அவர் எழுதி வைத்திருந்த பேச்சில் தன் மக்கள் பட்ட கஷ்டம் இருந்ததால், அதைப் பேச விடவில்லை. அவர் தன் மக்களோடு வெளியே கூடிப் பேசினார். அது முதல் வருடா வருடம் தேங்க்ஸ்கிவிங் அன்றே பூர்வகுடி மக்கள் அங்கே கூடி, அதைத் 'தேசியத் துக்க நாள்' என்று கடைப்பிடிக்கிறார்கள்.

பிறகு அந்த அம்மா எழுந்து, "பையை வெட்டலாமா?" என்றார். முதல் துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். தின்றார். "சுக்கு கொஞ்சம் அதிகம்" என்றார். என் தங்கையும் இப்படித்தான் அதிகமாகப் போடுவாள் என்றும் சொன்னார். எனக்கு அது போதும்.

சரி, பரங்கிக்காய் வாசனை பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன். விளக்கு வைக்கும் ஆரஞ்சுப் பூசணி, 'குக்குர்பிட்டா பெப்போ' என்ற இனம். பட்டர்நட்டும், டப்பாவில் அடைக்கும் பூசணியும் 'குக்குர்பிட்டா மோஸ்கேட்டா'. நம் பரங்கிக்காயும் அதே 'மோஸ்கேட்டா'தான்! வாசனை ஒன்றாக இருந்ததில் என்ன ஆச்சரியம்?

பூசணி இனம் முழுக்க அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. மெக்சிகோ நாட்டில் ஒரு குகையில் ஏறக்குறைய 10,000 வருடத்துக்கு முந்தைய விதைகளைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கொலம்பஸ் போன பிறகு, போர்த்துகீசியர் போன்றவர்களின் கப்பல்கள் வழியாகத்தான் அது ஆசியாவுக்கு வந்தது. அந்த வெள்ளைக்காரர்களை நம் முன்னோர் 'பரங்கியர்' என்றார்கள். பரங்கியர் கொண்டு வந்த காய் பரங்கிக்காய்! எங்கள் சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டை இருக்கிறது. பரங்கியர் வந்து தங்கிய துறைமுகம். பெயரிலேயே விஷயம் இருந்தும் எனக்கு உறைக்கவில்லை.

இத்தனை வருடமும் நான்காம் வகுப்பில் நான் என்ன எழுதிப் போட்டேன் தெரியுமா? 'நம் மண்ணில் பிறந்த காய்கள்: கத்தரிக்காய், புடலங்காய், பரங்கிக்காய், பச்சை மிளகாய்.' கரும்பலகையில் நானே எழுதினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மார்கழிக் கோலத்தில் வைக்கும் பூ பரங்கிப் பூ, பொங்கலன்று கூட்டில் பரங்கிக்காய். இது நம் காய் இல்லாமல் யாருடையது என்று நினைத்துவிட்டேன். கத்தரியும் புடலையும் சரி. பரங்கியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இதைப் படித்தால், தயவுசெய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். டீச்சர் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அந்த இரண்டையும் அடித்துவிடலாம்.

இனி, ஓவனும் முட்டையும் இல்லாமல் வீட்டிலேயே செய்யும் விதம். அரையாண்டு விடுமுறைக்குச் சரியாக இருக்கும். அடுப்பு வேலையை அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால்தான் செய்ய வேண்டும்.

மேரி பிஸ்கெட் 150 கிராம் எடுத்துப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 75 கிராம் ஊற்றிக் கலந்து, தட்டையான கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் அழுத்தி, ஃபிரிட்ஜில் வையுங்கள். நன்றாகப் பழுத்த பரங்கிக்காயைத் தோல் சீவி ஆவியில் வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டுங்கள். மசியல் ஒரு கப் வேண்டும். கொங்கு நாட்டுப் பிள்ளைகள் இதை அரசாணிக்காய் என்று கேட்டு வாங்குங்கள். சென்னையில் மஞ்சள் பூசணி. ஒன்றரைக் கப் ஆறிய பாலில் நாலு மேஜைக்கரண்டி சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, மசியல், அரைக் கப் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, அரைத் தேக்கரண்டி பட்டைப் பொடி, கால் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை கிராம்புப் பொடி, கொஞ்சம் ஜாதிக்காய் சேர்த்துக் கலக்குங்கள். சிறு தீயில் வைத்து, அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். கெட்டியாகிக் கொப்புளம் விட்ட பிறகு இரண்டு நிமிடம் கிளறி இறக்கி, பிஸ்கெட் ஓட்டின் மேல் ஊற்றுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் இருக்கட்டும்.

சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்பீர்கள். சூடான பாலில் வெல்லம் சேர்த்தால் பால் திரிந்துபோகலாம். முதல் தடவை சர்க்கரையே போடுங்கள். வெட்டும்போது கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிட்டு வெட்டினால் துண்டு உடையாமல் வரும். சுக்கை மட்டும் நான் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள்!